ஆண்டவன் வாயும் ராஜகுரு வயிறும்

ரொம்ப காலத்துக்கு முன்னே மருதவள நாட்டைக் கேசரிமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். வழக்கு கேட்பதென்றாலே அவனுக்குக் கொட்டாவி வரும். ஒருநாள் கிரீடத்தைக் கழற்றி மலையாண்டவர் காலடியில் வைத்துவிட்டு, "இனி சாமியே ராஜா, நான் வெறும் வேலைக்காரன்" என்று சொல்லிவிட்டான்.

சாமி பேச வேண்டுமே? "என் வாய் வழியாகப் பேசுவார்" என்று முன்னே வந்தார் ராஜகுரு பரமேட்டியார். மந்திரி இளம்பூதியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதனால் சாமியின் முதல் உத்தரவே, 'மந்திரி சபையில் வாய் திறக்கும் முன் ராஜகுரு காலில் விழ வேண்டும்' என்று வந்தது. அடுத்தது, 'கீழ்க்கரை மதகை அடை, ஏரித் தண்ணீர் முழுக்க நந்தவனத்துக்கு!' நந்தவனம் ராஜகுருவுடையது.

கதிர் விடுகிற சமயம். கீழ்க்கரைச் சனங்கள் வாடிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு இளம்பூதியிடம் ஓடிவந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சாமி சொல்லை எதிர்த்தால் தலை போகும். எதிர்க்காமல் என்ன செய்யலாம்? யோசித்தார். மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கேட்டார்: "சுவாமி, இது தங்கள் வாயா, ஆண்டவன் வாயா?"

"இதிலென்ன சந்தேகம்? முழுக்க ஆண்டவன் வாய்!"

"ஐயோ, அபசாரம்!" என்று இளம்பூதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மகாராஜா, ஆண்டவனுக்கு நைவேத்தியம் காட்டுவோம், மணியடிப்போம், எடுத்துவந்து சனங்களுக்குக் கொடுப்போம். அவர் வாயில் யாராவது திணித்ததுண்டா? இந்தத் திருவாயில் நேற்றுக்கூடப் பன்னிரண்டு அதிரசம் போயிருக்கிறதே!"

ராஜா பதறிப்போனான். "இனிமேல் காட்டினால் போதும்!"

"வாய்தான் ஆண்டவனுடையது, வயிறு என்னுடையது" என்றார் ராஜகுரு அவசரமாக.

"வயிற்றுக்குப் போக வேறு வழி இருக்கிறதா சுவாமி?"

சபை குலுங்கியது.

அப்போதே வெண்பொங்கல் வந்தது. நெய் மணக்க மணக்க மூக்குக்கு நேரே காட்டினார்கள், மணியடித்தார்கள், எடுத்துப்போய்க் கீழ்க்கரைச் சனங்களுக்கு வழங்கினார்கள். மத்தியானம் புளியோதரையும் வடையும் அதே வழியில் போயின. மறுநாள் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் திரும்புகிற நேரம், ராஜகுரு பாய்ந்து தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கள் சுவாமி, ஆண்டவன் பார்த்தாயிற்று!" என்றார் இளம்பூதி.

"ஆண்டவனாவது! பிறந்த நாள் முதலாய் இது என் வாய்தானய்யா!"

ராஜாவின் முகம் மாறியது. "அப்படியானால் மதகை அடைக்கச் சொன்னது?"

"அதுவும்... இதே வாய்தான்" என்று முனகினார் ராஜகுரு, தட்டை விடாமலே.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. "என் சோம்பலுக்கு ஓர் ஊரே பட்டினி கிடந்திருக்குமே" என்று கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டுக் கிரீடத்தை எடுத்து வந்தான். இளம்பூதியின் கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டான். "ராஜகுரு சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு அவரே மதகைத் திறக்கட்டும்" என்றான்.

மதகுப் பலகை லேசில் அசையவில்லை. ராஜகுருவுக்கு மூச்சு முட்டியது. கரையில் நின்ற செல்லாயி என்கிற குடியானவள் குரல் கொடுத்தாள்: "இன்னும் கொஞ்சம் தம் பிடிங்க சாமி, பொங்கல் பத்தலையா?"