தவளைகள் அடங்கிய நேரம்

முதலில் துரோகம் செய்தது கல்முதுகன் என்ற ஆமைதான். இதை நெடுங்காலன் என்ற கிழட்டு ஆள்காட்டிப் பறவை ஆற்றங்கரையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டது. காது கொடுக்காதவர்களிடம் இரண்டு தடவை சொன்னது.

அந்தக் காட்டாற்றில் ஆமை சவாரித் தொழில் செய்து வந்தது. அணில், எலி, ஓணான் எல்லாம் அதன் முதுகில் ஏறி அக்கரைக்குப் போகும்; கூலியாக அத்திப்பழம் கொடுக்கும். ஆற்றில் ஒரு முதலை இருந்தது. அதைக் கண்காணிப்பது நெடுங்காலனின் வேலை. முதலை தண்ணீரில் இறங்கினால் கத்தும். இல்லையென்றால் வாயே திறக்காது. சத்தம் இல்லாவிட்டால் ஆமை கிளம்பும். இதற்குப் பதிலாக, மணல்திட்டின் மேட்டைக் கூடு வைக்க ஆமை விட்டுக்கொடுத்திருந்தது. வெள்ளம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

ஆனால் நெடுங்காலனின் கத்தலைக் கேட்டாலே சவாரிக்கு வந்தவர்கள் நடுங்கினார்கள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். ஆமை கரையோரத் தவளைகளைக் காவலுக்குப் பேசி அமர்த்தியது. தண்ணீரிலேயே கிடப்பவர்கள், முதலையைக் கிட்டத்தில் பார்ப்பவர்கள், குரலும் பாட்டு மாதிரி இருக்கும் என்று பெருமை பேசியது. துறையைச் சீர்செய்தது. மேட்டைச் சவாரிக்காரர்கள் காத்திருக்கும் இடமாக்கியது. அமாவாசையிலிருந்து காவலுக்குத் தவளைகள்தான் என்று அறிவித்தது.

நெடுங்காலன் கோபத்தை அடக்கிக்கொண்டு ஆமையிடம் போனது. ஒரு மழைக்காலம் என்னையும் தவளைகளையும் சேர்த்தே வைத்துக்கொள், இரண்டு பேச்சும் ஒத்துப்போகிறதா என்று பார் எனக் கேட்டது.

"கூட்டைக் காப்பாற்ற வழி தேடுகிறீர், பெரியவரே," என்றது ஆமை. "இடத்தைக் காலி செய்யும்."

நெடுங்காலன் எதிர்ப்பாறையில் போய் உட்கார்ந்தது. இனி இந்தத் துறைக்காக வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தது.

அமாவாசை வந்தது. பகலிலேயே வானம் மழைமேகத்தால் இருண்டு கிடந்தது. தவளைகள் காலையிலிருந்து விடாமல் கத்தின. முதலை பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து ஆமை கரையிலேயே காத்துக் கிடந்தது. என்ன அக்கறையான காவல் பார் என்று முதுகில் இருந்த தாய் அணிலிடம் மெச்சிக்கொண்டது. அணிலின் மூன்று குட்டிகளும் தாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

திடீரென்று தவளைகள் அடங்கின. ஒன்றுகூட முனகவில்லை. கரை முழுக்கச் செத்துப்போனது போல் இருந்தது.

"போய்விட்டது," என்று ஆமை தண்ணீரில் இறங்கியது.

பாறைமேல் நெடுங்காலன் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நாணல் அடியில் தண்ணீர் மெல்லப் புரண்டது. இரண்டு கண்கள் மேலே வந்தன, மறைந்தன. ஆமை நன்றாகப் படட்டும் என்று நெடுங்காலன் முதலில் நினைத்தது. ஆனால் முதலைக்கு ஓடு எதற்கு? அதன் மேல் இருப்பவைதானே வேண்டும்?

நெடுங்காலன் தொண்டை கிழியக் கத்தியது.

ஆமை திரும்பிப் பார்க்கவில்லை. கிழவனுக்கு வயிற்றெரிச்சல், தொழிலைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று முணுமுணுத்தபடி நீந்தியது.

தாய் அணில் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டது. "ஆமையண்ணே, அவர் ஒருநாளும் பொய்யாகக் கத்தியதில்லை. திரும்புங்கள்."

ஆமை கேட்கவில்லை. அணில் அதன் கழுத்தை நறுக்கென்று கடித்தது. வலியில் ஆமை கரைப் பக்கம் வளைந்தது. அது விலகிய இடத்தில் முதலையின் வாய் பிளந்து மூடியது. அணில் குட்டிகளோடு கரையில் தொங்கிய ஆலம்விழுதுக்குத் தாவியது. கடைசிக் குட்டியின் வால் நுனி மட்டும் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கரையேறிய ஆமை தவளைகளிடம் பாய்ந்தது.

"அடங்கினோமே, அதுதான் சேதி," என்றது ஒரு தவளை, இன்னும் நடுங்கிக்கொண்டே. "பயமில்லாதபோதுதான் எங்களுக்குக் குரல் வரும். முதலை வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அமர்த்தும்போது நீங்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லையே."

இப்போது ஆமை தவளைகள் கத்தும்போது கிளம்புகிறது, அடங்கினால் கரையேறிவிடுகிறது. தொழில் நன்றாக நடக்கிறது. நெடுங்காலனிடம் மட்டும் அது இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டையும் திருப்பித் தரவில்லை. இந்த மழைக்கும் நெடுங்காலனின் முட்டைகள் வெள்ளம் ஏறும் மணலில்தான் கிடக்கின்றன.

செய்தி சொல்பவரை மாற்றுகிறவர்கள், புதியவர் எப்போது பேசுவார், எப்போது பேசமாட்டார் என்பதைப் பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.