கதவில்லாத ஊர்

"அம்மா, என் சுவடியைத் தவறான கட்டுக்குள் வைத்துவிட்டீர்கள்" என்றார் சாத்தையா.

அந்த மடத்தில் கதைச் சுவடிகள் இரண்டு கட்டுகளாக இருந்தன. ஒன்றில், மனிதர்கள் வாழ ஏங்கும் ஊர்களின் கதைகள். மற்றதில், மனிதர்கள் அஞ்சும் ஊர்களின் கதைகள்.

முதல் கட்டிலிருந்து மட்டுமே அறுவடைத் திருநாளில் மக்கள் முன் படிப்பார்கள்.

மறுநாள் திருநாள். சாத்தையா தம் கதையை ஏழு ஆண்டுகள் எழுதியிருந்தார்.

"தெரிந்துதான் வைத்தேன்" என்றார் குரு உமையாள்.

"என் ஊரில் பசி இல்லை. சண்டை இல்லை. திருட்டு இல்லாததால் வீடுகளுக்குக் கதவுகூட இல்லை. இதில் அஞ்ச என்ன இருக்கிறது?"

உமையாள் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"பூவாத்தா!"

சமையல்காரி பூவாத்தா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இவர் தம் ஊரில் உனக்கு ஒரு வீடு தருகிறார். என்ன வேண்டுமோ கேட்டுக்கொள்."

"சோறு?"

"மூன்று வேளையும். நீ சமைக்கவே வேண்டாம்" என்றார் சாத்தையா.

"அப்போ இப்பவே மூட்டை கட்டுறேன் சாமி. உப்பு குறைச்சல்னு சுளிக்கிற உங்க முகத்தையும் பார்க்க வேண்டாம்."

சாத்தையாவும் சிரித்துவிட்டார்.

"அடுத்த மாசம் என் மக செத்துப்போன நாள் வருது. அன்னிக்கு அழுவேன். பரவாயில்லையா?"

"அங்கே யாரும் அழுவதில்லை, பூவாத்தா."

"எனக்கு வந்துடுமே."

"ஊரே உன் வீட்டுக்கு வரும். உன்னைச் சிரிக்க வைக்கும்."

"நல்ல சனங்க. எப்போ திரும்பிப் போவாங்க?"

"நீ சிரித்ததும்."

பூவாத்தா சற்று யோசித்தாள்.

"கதவும் இல்லேன்னீங்க. அடுக்களைக்குள்ளே கேட்டுச்சு."

சாத்தையா தம் சுவடியைப் பார்த்தார்.

"நான் இங்கேயே இருந்துக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சாத்தையா சுவடியைக் கையில் எடுத்தார்.

"எரித்துவிடட்டுமா அம்மா?"

"பசியில்லாத ஊரையா?"

சாத்தையா சுவடியைப் பிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தார்.

"நாளை படிக்க வேண்டாமா?" என்றார் உமையாள்.

"நாளை வேறு யாராவது படிக்கட்டும்."

"என்ன எழுதுகிறீர்கள்?"

"பூவாத்தா அழுகிறாள். ஊர் அவள் வாசலில் கூடி நிற்கிறது."

"பிறகு?"

"ஒருவன் உள்ளே காலெடுத்து வைக்கிறான், அம்மா. அவனை நிறுத்தாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்."