அடுப்பில் போடச் சொன்ன சட்டம்

கயிறு தயார். முடிச்சும் போட்டாகிவிட்டது. அதற்குள் தலையை விட வேண்டியவன் விதெக், ராஜாவின் மந்திரி. அவன் செய்த குற்றம், எழுதியது.

வெகுகாலம் முன்பு செக் நாட்டை ரதோஸ்லாவ் என்றொரு ராஜா ஆண்டபோது நடந்தது இது. அங்கே எழுதி வைத்த சட்டம் கிடையாது. வழக்கு வந்தால் பிரபுக்கள் கூடி உட்கார்ந்து, "எங்க அப்பா காலத்து வழக்கம் இப்படி" என்பார்கள். அதுதான் சட்டம். அந்த வழக்கம் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ராஜாவுக்குத் திடீரென்று எல்லாவற்றையும் எழுதிவிட ஆசை வந்தது. அவருக்கு ஆசை அப்படித்தான் வரும். அதற்கு முன்னால் கரடி வளர்க்கிற ஆசை இருந்தது. விதெக் கோட்டை கோட்டையாகப் போய்ப் பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைத்து, அவர்கள் சொன்ன வழக்கங்களை எழுதினான். பின்பாதியில் ராஜாவின் புதுக் கட்டளைகளை எழுதினான். தடிமனாக ஒரு தோல் புத்தகம்.

விஷயம் தெரிந்ததும் பிரபுக்கள் கவசம் மாட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் ஹிநெக் பிரபு. மந்திரி வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்ற எரிச்சல் அவருக்கு.

"மகாராஜா, சட்டம் எங்க நெஞ்சில இருக்கு. ஆட்டுத்தோல்ல வேண்டாம்" என்றார்.

கவசங்களைப் பார்த்ததும் ராஜாவின் ஆசை இறங்கிவிட்டது. "எந்தப் புத்தகம்? அதுவா? அதுதான் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சே" என்று சபையில் சொல்லிவிட்டார். பிறகு விதெக்கைத் தனியாகக் கூப்பிட்டு, "போய் அடுப்புல போடு. புகை வெளியே தெரியணும்" என்றார். சமையலறைக் கூரையில் புகை எழும்பியது. பிரபுக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஹிநெக்குக்கு அது போதவில்லை. "எழுதின கை இன்னும் இருக்கே. நாளைக்கு மறுபடி எழுதுமே" என்றார். பிரபுக்கள் கூடி உட்கார்ந்தார்கள். சட்டத்தை எழுதுகிறவனுக்குத் தூக்கு என்பது அப்பா காலத்து வழக்கமாம். அந்த அப்பாக்களில் பாதிப் பேருக்கு எழுதவே தெரியாதே என்று விதெக் நினைத்தான். ராஜா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு விதெக் கேட்டான்.

"பிரபுக்களே, ஒரே ஒரு சந்தேகம். தண்டனை வாங்கினவனை அவன் மனைவி கட்டிப் பிடிச்சுக்கிட்டா அவனை யாரும் தொடக் கூடாது. அதுவும் நம்ம வழக்கம்தானே?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் மனைவி லுத்மிலா வந்தாள். சந்தையில் சேதி கேட்டு அப்படியே ஓடி வந்தவள். ஒரு கக்கத்தில் வாத்து. மறு கையால் புருஷனை வளைத்துப் பிடித்தாள்.

"ஒரு கையால பிடிச்சா செல்லாது" என்றார் ஹிநெக்.

"அப்படியா? இதைக் கொஞ்சம் பிடிங்க பிரபுவே." வாத்தை அவர் கையில் திணித்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தாள். "ஏங்க, ரொம்ப மூச்சு விடாதீங்க. பிடி நழுவுது."

"தீர்ப்புக்கு முன்னாலேயே பிடிச்சிருக்கணும். இப்ப செல்லாது" என்றார் ஹிநெக். வாத்து அவர் காதைக் கொத்தியது.

பிரபுக்களில் மூத்தவரான பொகுஷ் எழுந்தார். "ஏம்ப்பா ஹிநெக், உன் தம்பிக்குத் தூக்குன்னு சொன்னப்ப அவன் பொண்டாட்டி எப்ப வந்து பிடிச்சா? தீர்ப்புக்குப் பிறகுதானே? செல்லும், செல்லும்னு தரையில புரண்டு அழுதது யாரு?"

"எனக்கு ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு."

"உங்களுக்கு வயசாயிடுச்சு."

அவ்வளவுதான், சபை இரண்டாகிவிட்டது. கட்டிப் பிடித்தால் போதாது, பாவாடையால் மூட வேண்டும் என்றார் ஒருவர். முதல் மனைவியாக இருந்தால்தான் செல்லும் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு அப்பா, ஆளுக்கொரு வழக்கம்.

"யாராவது ஒருத்தர் சட்டம் என்னன்னு சொல்லுங்கய்யா. சாப்பாடு ஆறுது" என்றார் ராஜா.

யாராலும் முடியவில்லை. கடைசியில் பொகுஷ்தான் தலையைச் சொறிந்தார். "நாம எல்லாரும் இந்த மனுஷன்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னோமே. ஹிநெக்கும் சொன்னான். அந்தப் புத்தகம் இருந்தா பார்த்துடலாம்." வேண்டாம் என்று கவசம் மாட்டி வந்த அதே தலைகள் ஆமாம் என்று ஆடின.

"எரிஞ்சு போனதை எங்கே போய்ப் பார்க்கறது?" ஹிநெக் சிரித்தார்.

விதெக் ராஜாவைப் பார்த்தான். இருக்கிறது என்றால் ராஜா சொன்னது பொய்யாகிவிடும். இல்லை என்றால் கயிறு.

"மகாராஜா சொன்னது சத்தியம். அவரோட கட்டளைகள் எரிஞ்சு போச்சு" என்றான். "ஆனா முன்பாதி பிரபுக்கள் வாய்ச்சொல். அது உங்க சொத்து. உங்க சொத்தைக் கேட்காம எரிக்க நான் யாரு? எங்க வீட்டு மாவுப் பெட்டியில பத்திரமா இருக்கு."

ராஜாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "கொண்டு வா" என்றார்.

லுத்மிலா பிடியை விடவில்லை. இருவரும் கட்டிப் பிடித்தபடியே நண்டு மாதிரி நடந்து போய்த் திரும்பினார்கள். மாவு அப்பிய கட்டு மேஜைமேல் விழுந்தது. பொகுஷ் கட்டின் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தார்.

"திறக்க வேண்டாம்" என்றார் ஹிநெக். "இப்ப ஞாபகம் வந்துடுச்சு. தீர்ப்புக்குப் பின்னாலயும் செல்லும்."

"ஒரு கை?" என்று கேட்டார் பொகுஷ்.

"ஒரு கையும் செல்லும்."

சபை சிரித்தது. ராஜாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "இனிமே வழக்குன்னு வந்தா முதல்ல இந்தப் புத்தகம். பிறகுதான் உங்க அப்பாக்கள்" என்றார். கேட்டதே அவர்கள்தான், என்ன பேச முடியும்? தூக்குக் கயிறு விழ வேண்டிய கழுத்தில் ராஜா தன் தங்கச் சங்கிலியைப் போட்டார். ஹிநெக் பிரபு வாத்தை லுத்மிலாவின் வீடு வரை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றும் உத்தரவானது. நடந்தார். வழியெல்லாம் கொத்து.

எல்லாரும் போனபிறகு ராஜா கேட்டார், "என் பாதியை மட்டும் அடுப்புல போட்டியாக்கும்?"

"அதுவும் மாவுப் பெட்டியிலதான் இருக்கு மகாராஜா."

"அப்ப அந்தப் புகை?"

"ஈர விறகு."

புத்தகத்தை அடுப்பில் போடு என்று சொன்னார்கள். அவன் போடவில்லை.