வஞ்சியின் நிழலில் வளர்ந்த கொக்கோ மரம்

மலைக்கு ஒரு மன்னன், ஆற்றுக்கு ஒரு மன்னன் என்றிருந்த காலம் அது. பெரியவர்களே, பிள்ளைகளே, அந்தக் காலத்தில் மழைநாட்டில் வஞ்சி என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவன் செங்கோடன், இளையவன் பூவண்ணன்.

நாட்டில் பஞ்சம் வந்தது. காளிங்கன் என்ற மந்திரவாதியின் கொக்கோத் தோட்டத்தில் வேலை கிடைக்கும் என்று மூத்தவன் மலையேறினான், திரும்பவில்லை. அவனைத் தேடி இளையவன் மலையேறினான், திரும்பவில்லை. இருவரையும் தேடி வஞ்சி மலையேறினாள்.

வழியில் கண்ணியில் சிக்கித் துடித்த ஓர் அணிலை விடுவித்தாள். அது வாய் திறந்து பேசியது.

"அக்கா, அங்கே அவன் தரும் கொக்கோவைக் குடித்துவிடாதே. குடித்தவர்கள்தான் மரங்களாக நிற்கிறார்கள்."

"அவர்களை மீட்க முடியுமா?"

"அவன் கையால் எந்த விதையும் முளைக்காது. அதனால்தான் மனிதரை மரமாக்குகிறான். வறுக்காத பச்சை விதை ஒன்று அந்த மண்ணில் முளைத்து, வளர்ந்து, ஒரு பழம் பழுத்து, அதைப் பறித்தால் மந்திரம் உடையும். விதையில் முளைத்ததையோ அதை ஊன்றியவரையோ அவன் கையாலோ கருவியாலோ தொட்டால் அவன் கை கருகிவிடும். ஆனால் கொக்கோக் கன்று வெயில் தாங்காது."

தோட்டத்து வாசலில் காளிங்கன் கொக்கோக் கிண்ணத்தை நீட்டினான். "களைத்திருக்கிறாய். குடி, பெண்ணே."

"வேலையை முடித்துவிட்டுக் குடிக்கிறேன், ஐயா."

காய் வெட்ட ஆள் தேவைப்பட்டதால் அவன் வற்புறுத்தவில்லை.

அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கின கொக்கோக் காய்கள். ஒவ்வொரு காயை வெட்டும்போதும் மரம் நடுங்கியது. இரண்டு மரங்கள் மட்டும் அவள் கை பட்டதும் இலை உதிர்த்தன. அவள் அழுதாள், அழுதுகொண்டே ஒரு பச்சை விதையை மடியில் ஒளித்தாள். தோட்டத்து மூலையில் அதை ஊன்றினாள்.

கன்று முளைத்தது. நிழலுக்காக அவள் வாழை வைத்தாள். காளிங்கன் கண்டுபிடித்து வெட்டிச் சாய்த்தான். கீற்றுப் பந்தல் போட்டாள். அவன் தீ வைத்தான். மூன்றாவதாக, வெயில் ஏறும் நேரமெல்லாம் கன்றின்மேல் அவளே குனிந்து நின்றாள். முதுகு வெந்தது, தோல் உரிந்தது. கோடை போய்க் கோடை வந்தது. கன்று மரமாகிப் பூத்தது, ஒரு பிஞ்சும் விட்டது. கடும் வெயிலில் பிஞ்சு கருகிவிடாமல் அப்போதும் அவள் மறைத்து நின்றாள்.

காளிங்கன் கோடரியோடு ஒரு மரத்தருகே போனான்.

"இது உன் மூத்த அண்ணன். நீ நகர்ந்துகொள், இவனை விட்டுவிடுகிறேன்."

வஞ்சி தோட்டம் முழுவதையும் பார்த்தாள். எத்தனை வீட்டுப் பிள்ளைகள். யார் யாருடைய அண்ணன்மாரோ.

"அண்ணா, என்னை மன்னிச்சிடு" என்றாள். நகரவில்லை.

கோடரி விழுந்தது. மூன்றாம் வெட்டில் மரம் சாய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

காய் மஞ்சளாய்ப் பழுத்தது. வஞ்சி அதை வெட்டி எடுத்த நொடியில், காளிங்கன் வெறிபிடித்து அந்த மரத்தைப் பிடுங்கப் பாய்ந்தான். தொட்ட கை கருகியது, தோள் கருகியது, ஆளே கரிக்கட்டையானான். தோட்டமெங்கும் மரப்பட்டை வெடித்து மனிதர்கள் தள்ளாடி வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் வெட்டுத் தழும்பு. பூவண்ணனும் வந்தான். மரம் சாய்ந்த இடத்தில் செங்கோடன் உயிரில்லாமல் கிடந்தான்.

அவனை அங்கேயே புதைத்தார்கள். "பெரியண்ணனை நான் சாகவிட்டேன், அண்ணா" என்று வஞ்சி இளையவனிடம் சொன்னாள்.

பூவண்ணன் அவள் வெந்த முதுகில் கை வைத்தான். "மரமா நின்னப்போ எங்களுக்குக் காது கேட்டுச்சு, கண்ணும் தெரிஞ்சுச்சு, வஞ்சி. அவன் கேட்டதும், நீ சொன்னதும். கோடரி ஓங்கினப்போ பெரியண்ணன் தன் இலையை எல்லாம் உன் பக்கமா உதிர்த்தாரு. நீ நகராதேன்னுதான்."

அப்போதுதான் வஞ்சி வாய்விட்டு அழுதாள்.

மழைநாட்டு மன்னன் அந்த மலையை அவளுக்கே கொடுத்தான். மீண்டவர்கள் விதை ஊன்றினார்கள், வாழை நிழலில் கன்று வளர்த்தார்கள், பசியின்றி வாழ்ந்தார்கள். வஞ்சியும் அவர்களோடு வாழ்ந்தாள். முதுகு மட்டும் கடைசிவரை நிமிரவில்லை.