பாட்டில்ல இருந்த குடல்வால்

இந்த அநியாயத்தக் கேளுங்களேன்! மாணவங்களோட ரவுண்ட்ஸ் வர்ற பெரிய டாக்டர் தர்மலிங்கம், போர்வையக்கூட விலக்கிப் பாக்காம, "குடல்வால் வீக்கம்தான், ஊசி போடுங்க"ன்னு ரெண்டு நாளா சொல்லிட்டிருந்தார். வயித்து வலியில துடிச்ச பூவிழி கதறுனா: "அத போன வருஷமே நீங்கதான எடுத்தீங்க சார்!"

"எடுத்தேனா? எங்க, காட்டு பாப்போம்!"

தரை துடைச்சிட்டிருந்த பவுனம்மா, வெட்டி எடுத்த உறுப்புகள வைக்கிற மெடிக்கல் காலேஜ் மியூசியத்துக்கு ஓடிப்போய் ஒரு பாட்டிலோட வந்தாங்க. "இந்தாங்கய்யா. தெனம் நான்தான் தூசி தட்டுறேன். லேபிள்ல இவ பேரு, கீழ உங்க கையெழுத்து. திரும்ப மொளைச்சிருச்சாங்கய்யா?"

மாணவங்க சிரிச்சிட்டாங்க. டாக்டர் அப்பத்தான் போர்வைய விலக்கிப் பாத்தார். உடனே ஸ்கேன் எடுத்தாங்க. சினைப்பை முறுக்கிக்கிட்டு, அந்த ரெண்டு நாள்ல அழுகியே போயிருந்துச்சு. வெட்டி எடுத்துட்டாங்க.

இப்ப பவுனம்மா ரெண்டு பாட்டில் துடைக்கிறாங்க. ரெண்டுலயும் பூவிழி பேருதான்.