செம்புமலை முளைப்பாரி

முன்னொரு காலத்தில், தோண்டிய இடமெல்லாம் செம்பு கிடைத்த குமிழ்மலை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குச் செம்புப் பைத்தியம். அண்டா செம்பு, கட்டில் செம்பு; ஒருநாள் செம்பிலேயே செருப்புச் செய்து போட்டுக்கொண்டு, வெயிலில் இரண்டடி வைப்பதற்குள் "ஐயோ அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பைத்தியத்தில் கொழுத்தவர் சுரங்கத் தலைவர் வங்காரநாதர். செம்பு கழுவிய தண்ணீரை அவர் வாய்க்காலில் திறந்துவிட, கீழே இருந்த வயல்களில் பயிர் கருகியது. குடியானவர்கள் அரண்மனை வாசலில் வந்து அழுதார்கள்.

"சுத்தச் சோம்பேறிகள், மகாராஜா! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மண்ணில் ஒரு குறையுமில்லை. நிலத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுங்கள், சுரங்கம் தோண்டுகிறேன்," என்றார் வங்காரநாதர். ராஜாவும் தலையாட்டினான்.

மந்திரி கூத்தபிரான் எழுந்தார். "அம்மன் திருவிழா வருகிறதே, அரசே. முளைப்பாரி போட்டே பார்த்துவிடலாம். நானே சட்டிகளை நிரப்பி விதை தூவுகிறேன். சிவப்புத் துணி கட்டியதில் அந்த வயல் மண், அது வங்காரநாதருக்கு. மஞ்சள் துணி கட்டியதில் அரண்மனைத் தோட்டத்து மண், அது குடியானவர்களுக்கு. சிவப்புச் சட்டி செழித்தால் நிலம் அவருக்கே. கருகினால் சுரங்கத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரக்கூடாது."

மண் கெட்டுப்போனது வங்காரநாதருக்குத் தெரியும். ஆனாலும் இளித்தபடி சம்மதித்தார். சட்டிகள் கோயிலுக்குப் போனதும், பூசாரி அசந்த நேரம் பார்த்துத் துணிகளை மாற்றிக் கட்டிவிட்டார்.

திருவிழாவன்று சபை கூடியது. மஞ்சள் சட்டியில் முளை சாண் உயரம் நின்றது. சிவப்புச் சட்டியிலோ வந்ததும் வராததுமாக நுனி கருகி, வேர் கறுத்துக் கிடந்தது.

"இருக்கவே இருக்காது! நான்தான் துணியை மாற்றிக் கட்டினேனே!" என்று கத்திய வங்காரநாதர், அதன்பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"அடப்பாவி! மண்ணு கெட்டது தெரிஞ்சேவா எங்களச் சோம்பேறின்னே?" என்று பாய்ந்தாள் மருதாயி என்ற குடியானவப் பெண்.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுரங்கத் தண்ணீரை அன்றே நிறுத்தச் சொன்னான். கெட்ட மண்ணை வெட்டியெடுத்து, நல்ல மண்ணைத் தலையில் சுமந்து கொட்டும் வேலை வங்காரநாதருக்குக் கிடைத்தது. முத்துமாலை கூத்தபிரானுக்குக் கிடைத்தது.

"அதெல்லாம் சரி, துணியை மாற்றியும் அவர் சட்டி எப்படிக் கருகியது?" என்றான் ராஜா.

"சிவப்பில் தோட்டத்து மண்ணையும் மஞ்சளில் வயல் மண்ணையும் நான் முதலிலேயே மாற்றிப் போட்டிருந்தேன், அரசே."

"அடேயப்பா! அவர் தொடாமல் விட்டிருந்தால்?"

"ஜெயித்திருப்பார். ஆனால் தன் பேச்சை அவரே நம்பமாட்டார் என்று நான் நம்பினேன்."