தூங்கும் காவலாளியின் படம்

ஊரே சிரித்துக்கொண்டிருந்த வாரத்தில் அருளப்பன் தன் குருவைப் பார்க்க வந்தார்.

குரு நாச்சியாருக்கு அவரைவிட வயது குறைவு. மாலைப் பத்திரிகை ஒன்றில் பல வருடங்களாகக் கேலிச்சித்திரம் போடுகிறவர். அருளப்பன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் அவரிடம் படம் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். சீடர் குருவை டீச்சர் என்பார், குரு சீடரை சார் என்பார். இருவருக்குமே அதில் கொஞ்சம் வேடிக்கை உண்டு.

"டீச்சர், ஒரு படம் நல்லா வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"யார் சிரிச்சாங்கன்னு பார்க்கணும். உங்க படத்துக்கு யார் சிரிச்சாங்க?"

மாவட்ட மியூசியத்தில் ஆடும் குழந்தையின் செப்புச் சிலை ஒன்று பட்டப்பகலில் திருட்டுப் போயிருந்தது. அப்போது நாச்சியாருக்குக் காய்ச்சல். அவர் இடத்தில் அருளப்பனின் படம் வந்தது. பெரிய மீசைக் காவலாளி நாற்காலியில் குறட்டை விடுகிறார். சிலையை இடுப்பில் வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடக்கும் திருடன் அதன் காதில் சொல்கிறான்: 'சத்தம் போடாதே செல்லம், மாமா தூங்கறார்.'

"டீக்கடையில சிரிச்சாங்க. பஸ்ல சிரிச்சாங்க. என் மருமகன் துபாயிலேருந்து போன் பண்ணிச் சிரிச்சார். மியூசியம் காப்பாட்சியரே கூப்பிட்டார் டீச்சர். அசல் படம் வேணுமாம், ரூம்ல மாட்டி வைக்கணுமாம்."

நாச்சியார் பேனாவை மூடி வைத்தார்.

"காப்பாட்சியர் சிரிச்சாரா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சேன்னார்."

"கிளம்புங்க சார். மியூசியம் போயிட்டு வருவோம்."

காப்பாட்சியர் வாசலுக்கே வந்து வரவேற்றார். காபி வரவழைத்தார். சிலை இருந்த கூடத்தைத் தானே திறந்து காட்டினார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. கேமராவின் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. பின்பக்க ஜன்னல் சாத்த வராது போல.

"பூட்டு?" என்று கேட்டார் நாச்சியார்.

"கேட்டிருக்கோம்மா. வரும்."

"சார் வரைஞ்ச நாற்காலி எங்கே?"

"நாற்காலியா? உட்கார்ந்தா தூங்கிடுவாங்கன்னு எப்பவோ எடுத்தாச்சு. எல்லாக் கூடத்துக்கும் ஒரே காவலாளிதான். நடந்துகிட்டே இருக்கணும்."

"அன்னிக்கு அவர் எங்கே இருந்தார்?"

"பக்கத்துக் கூடத்துல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்திருந்தாங்க."

"இப்ப?"

"அனுப்பியாச்சு. ஏஜென்சி ஆள்தானே, ஒரு போன் போதும். பூட்டு, கேமரான்னு மேலிடத்துலேருந்து விசாரணைக்கு வர்றதா இருந்தாங்க. அதுக்குள்ள சாரோட படம் வந்துச்சு. மேலதிகாரி அதைப் பார்த்துட்டு, 'இந்த ஆள்தானே?'ன்னு கேட்டார். அதோட முடிஞ்சுது." அருளப்பனைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதான் சார் எங்களைக் காப்பாத்தினீங்க."

"நான் சும்மா கற்பனையா போட்டதுங்க."

"மூஞ்சி அப்படியே இருக்கே சார்."

அருளப்பன் காபியைக் கீழே வைத்தார்.

முகம் வரைந்து பழக அவர் இந்த மியூசியத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் நகர்ந்துவிடுவார்கள். நின்று கொடுத்தவர் தங்கமாயன் என்ற அந்தக் காவலாளி ஒருவர்தான். "மீசை சரியா வந்துச்சா சார்?" என்று எட்டிப் பார்ப்பார். திருட்டுச் செய்தி வந்த அன்று, காவலாளி என்று நினைத்ததுமே கை அந்த மீசையை வரைந்துவிட்டது. முகத்தில் ஒன்றைப் பிடி, அதைப் பெரிதாக்கு என்பது நாச்சியார் சொல்லிக்கொடுத்த பாடம். சீடர் அதை ஒழுங்காகச் செய்திருந்தார், பாவம்.

தங்கமாயன் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்தவரிடம், "தங்கமாயன் இருக்காரா?" என்று கேட்டார் அருளப்பன்.

"நான்தான் சார்."

மீசை இல்லை. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"எங்க போனாலும் கண்டுபிடிச்சிடறாங்க சார். ஒரு துணிக்கடையில வேலை கேட்டுப் போனேன். முதலாளி நல்ல மனுஷன்தான். என்னைப் பார்த்ததும் குறட்டை விட்டுக் காட்டினார். அதான் எடுத்துட்டேன்."

"என்னைத் திட்டுங்க, தங்கமாயன்."

"திட்டி என்ன சார் ஆகப்போகுது? படம் நல்லாத்தான் இருந்துச்சு. பேப்பர்ல என் மூஞ்சி வந்திருக்குன்னு என் சம்சாரம் சந்தோஷமா ஓடி வந்தா. அப்புறம்தான் எழுதியிருந்ததைப் படிச்சா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டுமா சார்? அவ்வளவு நாள் அங்க வந்தீங்களே, நான் தூங்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. ஒரு நாளும் இல்லை."

தங்கமாயன் உள்ளே திரும்பினார். "பேச்சி, இங்க வா. சார் சொல்றதைக் கேளு. இன்னொரு தரம் சொல்லுங்க சார்."

அருளப்பன் இன்னொரு தரம் சொன்னார். பேச்சி அவர் முகத்தைப் பார்த்தார். புருஷன் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

குருவும் சீடரும் தெருமுனைக்கு வந்தார்கள். அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கே புதுசா ஒண்ணு வரையறேன் டீச்சர். பூட்டு, கேமரா, காப்பாட்சியர், எல்லாத்தையும் போடறேன். அவர் முழிச்சுகிட்டு நிக்கற மாதிரி போடறேன்."

"வரைங்க. என் இடத்துலயே போடச் சொல்றேன்."

"அப்புறம் எல்லாம் சரியாயிடும், இல்லையா?"

நாச்சியார் கொஞ்ச தூரம் நடந்தார்.

"போனதுல சிலையாவது என்னிக்காவது கிடைச்சிடும், சார்."